முன்னால் போன கால்

மோகனூர்ப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டால் அந்த ஊரில் முதலில் தெரிவது பாவாயிக்குத்தான். கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். திடீரென்று இடது பாதம் சில்லென்று நனையும். விரல் இடுக்கில் சேறு ஏறும். "ஏனுங்க, தண்ணி வந்துருச்சுங்க" என்பாள் புருசனிடம். அப்புசாமி கரைவரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துத் திரும்பி வருவான். தண்ணீர் வந்திருக்கும். ஆனால் பாவாயிக்கு இடது பாதமே கிடையாது. முழங்காலுக்குக் கீழே எடுத்தாகிவிட்டது. அது வாய்க்கால் கரை மயானத்தில் மண்ணுக்குள் கிடக்கிறது.

பாவாயி பிறந்தது ஜலகண்டாபுரத்தில், தறி ஓடுகிற வீட்டில். அந்தச் சத்தத்தில் வளர்ந்ததால் ரகசியம் பேசினால்கூட நாலு வீட்டுக்குக் கேட்கும். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இங்கே கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கிற வேலை. கோழிகளை அடைத்திருக்கிற செட்டுக்குள் புது ஆள் நுழைந்தால் அத்தனை கோழியும் றெக்கையை அடித்துக்கொண்டு களேபரம் பண்ணும். பாவாயி நுழைந்தால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தீவனத்தைக் கொத்தப் போய்விடும். அவள் நடை அதுகளுக்கு அத்துப்படி. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவளுக்கு நடந்ததை விபத்து என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். லாரி மோதவில்லை, பாம்பு கடிக்கவில்லை. மக்காச்சோள மூட்டை. பண்ணைத் தீவன மில்லில் அடுக்கியிருந்த மூட்டைகளில் அடிமூட்டையை எலி கடித்து, சோளம் தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது. பார்த்தும் பாராததுபோலப் போயிருக்கலாம். மகராசிக்குக் கை சும்மா இருக்குமா? தானியம் வீணாகிறதே என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கூட்டி அள்ளப் போனாள். அவள் அள்ள அள்ள மேலே அடுக்கு சாய்ந்துகொண்டே வந்திருக்கிறது. இரும்புத் தள்ளுவண்டிக்கும் மூட்டைக்கும் நடுவே பாதம் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பாதத்தைக் காப்பாற்றத்தான் பார்த்தார்கள். சீழ் மேலே ஏற ஏற, உயிராவது நிற்கட்டும் என்று காலை எடுத்துவிட்டார்கள்.

எடுத்த காலை அவர்களே அப்புறப்படுத்திவிடுவதாகத்தான் சொன்னார்கள். அப்புசாமி கேட்கவில்லை. "எம் பொண்டாட்டி காலுங்க, குப்பையோட போகக் கூடாது" என்று கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தான். அவன் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் தச்சன். லாரிப் பலகையிலேயே ஒரு சின்னப் பெட்டி அடித்தான். வேலுமணியைக் கூப்பிட்டுக் குழி வெட்டச் சொன்னான். ஊரில் குழி வெட்டுகிற ஆள் வேலுமணிதான். பெட்டியை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றார்களாம். ஒரு காலுக்கு என்ன செய்வது என்று யாருக்குத் தெரியும்? அப்படி ஒரு முறையை எவனும் சொல்லிக் கொடுத்ததில்லை. அப்புசாமி அதுவரைக்கும் புதைத்ததெல்லாம் அப்பனையும் ஆத்தாளையும் அண்ணனையும்தான். கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. மஞ்சள் தண்ணீர் தெளித்தான், கோடித்துணி போர்த்தினான், பால் ஊற்றினான். வாயே இல்லாத காலுக்கு வாய்க்கரிசியும் போட்டான். எல்லாம் முடிந்து வாய்க்காலில் தலை முழுகிவிட்டு, ஈரத் தலையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பொண்டாட்டிக்கு ரசம் சோறு ஊட்டினான். பைத்தியக்காரன். ஆனால் அவனைத் திட்டவும் மனசு வரமாட்டேன் என்கிறது.

இது பாவாயிக்குத் தெரியாமலே போயிருக்கும். பக்கத்து வீட்டு அத்தாயி வாய் மட்டும் சும்மா இருந்திருந்தால்.

கால் போன வீட்டுக்கு வருகிற சனங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஆளுக்கொரு பை ஆப்பிளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வந்து உட்கார்ந்ததும், ஒற்றைக் காலோடு மலை ஏறினவன், ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தவன் என்று செல்போனில் பார்த்ததையெல்லாம் சொல்லி, மனசைத் தளர விடாதே என்பார்கள். அவர்கள் போன பிறகு பாவாயி சொல்வாள்: "நான் மலை ஏறோணும்னு எப்பங்க கேட்டேன்? கக்கூசுக்கு நடந்து போனாப் போதும்." அத்தாயி அந்த ரகம் இல்லை. அவள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்குத்தான் வாய்க்கரிசியே போட்டாச்சே புள்ள. செத்ததாப் பேர் பண்ணிட்டா எமன் அந்தப் பக்கமே வரமாட்டான். இனி நூறு வயசு உனக்கு" என்றாள். நல்லதாகத்தான் நினைத்துச் சொன்னாள்.

பாவாயி அப்புசாமியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அன்றைக்குப் பிடித்தது. அதுவரைக்கும் வெட்டின இடம் வலித்தது, அவ்வளவுதான். அதற்கப்புறம் இல்லாத பாதம் வலிக்க ஆரம்பித்தது. விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மடங்கிக்கொண்டன. குதிகாலில் எறும்பு ஊர்ந்தது. பட்டப்பகலில், ஜன்னலில் வெயில் அடிக்கிறபோது, மேலே மண் அமுக்கும். எல்லாச் சடங்கும் முடித்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் பக்கம் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். மிச்ச உடம்பு எப்போது வரும் என்று அந்தக் கால் காத்துக்கொண்டிருக்கிறது. இப்படி ஒரு நினைப்பு வந்தால் சோறு இறங்குமா? வாசலில் காகம் கரைந்தால் யாருக்குச் சோறு கேட்கிறது என்று அவளுக்குக் குலை நடுங்கும்.

ஆஸ்பத்திரியில் செயற்கைக் கால் கொடுத்திருந்தார்கள். அதை மாட்டி எழுந்து நின்றாலே போதும், உள்ளே சண்டை ஆரம்பித்துவிடும். ஒரே இடத்தில் இரண்டு கால். பிளாஸ்டிக் கால் தரையை மிதிக்கும், மண்ணுக்குள் இருப்பது அதை விடாமல் கீழே இழுக்கும். அலறிக்கொண்டு கழற்றி எறிவாள். கழற்றினால் முட்டியை மடக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவாள்.

ஆஸ்பத்திரியில் நடைப் பயிற்சி கொடுக்கிற பெண் அமுதவல்லி சின்ன வயசுதான், ஆனால் மூடி மறைத்துப் பேசுகிற ஆள் இல்லை. "அக்கா, முட்டி மடங்குன வாக்குலயே இறுகிட்டு வருதுங்க. அடுத்த மாசமும் இப்படியே வந்தீங்கன்னா எந்தக் காலும் உங்களுக்குப் பொருந்தாது. அப்புறம் தரையில நகந்துதான் போகோணும்."

பாவாயிக்குப் பண்ணை ஞாபகம் வந்தது. நகர்ந்துகொண்டே செட்டுக்குள் போனால் கோழிக்கு அவளை அடையாளம் தெரியுமா? "நான் போடமாட்டேங்கல சாமி. அது உடமாட்டீங்குது" என்றாள்.

அமுதவல்லி ஒரு நீளக் கண்ணாடியைக் கொண்டுவந்து இரண்டு தொடைக்கும் நடுவே நிறுத்தினாள். வெட்டின கால் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துவிட்டது. வலது பாதத்தை ஆட்டச் சொன்னாள். கண்ணாடிக்குள் இடது பாதம் ஆடியது. மெட்டியோடு, வெடித்த குதிகாலோடு, அதே பாதம். பாவாயிக்கு முதுகுத்தண்டு சில்லிட்டுப் போனது. புதைத்தது எழுந்து வந்து எதிரே உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் சில்லிடாது?

"சுத்தமா இருக்குதே" என்று முணுமுணுத்தாள். "மண்ணு எங்க சாமி?"

அமுதவல்லி கண்ணாடியை நகராமல் பிடித்துக்கொண்டாள். விரலை மெதுவாக நீட்டி மடக்குங்க அக்கா என்று மட்டும் சொன்னாள். பாவாயி நீட்டினாள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்த விரல்கள், அத்தனை நாளைக்கு அப்புறம், தளர்ந்து பிரிந்தன. உடம்பே லேசானது. கண்ணாடியை எடுத்ததும் மறுபடியும் மண்ணு, மறுபடியும் எறும்பு. ஆனால் அவளுக்கு ஒன்று விளங்கிவிட்டது. இந்தக் கால் சொல்பேச்சுக் கேட்காது. கண்ணில் காட்டினால்தான் கேட்கும்.

வீட்டுக்கு வந்ததும் அப்புசாமியிடம் சொன்னாள். "என்னைய அங்க கூட்டிட்டுப் போங்க."

"எங்க?"

"பொதைச்ச எடத்துக்கு."

"சுடுகாட்டுக்குப் பொம்பளைங்க வாரதில்ல புள்ள."

"பாதிப் பொம்பளை ஏற்கெனவே அங்கதானுங்க இருக்கறா. மீதிக்கு மட்டும் என்ன சட்டம்?"

மறுநாள் உச்சி வெயிலில், வழியில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, மொபெட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போனான். பாலம் வரைக்கும்தான் வண்டி போகும். அதற்கப்புறம் வாய்க்கால் கரையில் நடந்துதான் ஆக வேண்டும். பாவாயி செயற்கைக் காலை மாட்டி வாரை இறுக்கினாள். ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு கையில் புருசன் தோள். அடி எடுத்து வைத்ததும் கீழே இருந்து இழுத்தது. இந்தத் தடவை அவள் அலறவில்லை. "அங்கதான் வாரேன், இழுக்காத" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து போனது. கரையில் ஒரு குருவிச் சத்தம் இல்லை. கிட்டே போகப் போகப் பாதத்தில் ஈரம் கூடிக்கொண்டே வந்தது. பயத்தில் அவள் புருசன் தோளை இறுக்கிப் பிடித்தாள். திரும்பிவிடலாமா என்று அப்புசாமி இரண்டு தடவை கேட்டான்.

மேடு சின்னதாக இருந்தது. நாய் தோண்டாமல் இருக்க மேலே முள்ளு வெட்டிப் போட்டிருந்தான். முள்ளு பச்சையாக இருந்தது. வாராவாரம் வந்து மாற்றியிருக்கிறான். அதையும் அவளிடம் சொன்னதில்லை. சுற்றிலும் குழிகள் நெருக்கியடித்துக் கிடந்தன. இந்த மேட்டுக்குத் தெற்கே மட்டும் ஒரு ஆள் நீளத்துக்கு வெற்றுத் தரை. நாலு மூலையிலும் கல் நட்டிருந்தது.

"அது எதுக்குங்க எடம் உட்டு வெச்சிருக்கீங்க?"

அப்புசாமி வாய்க்காலைப் பார்த்தான். வேட்டி நுனியைத் திருகினான். "நாளைப் பின்ன ஒண்ணுன்னா... தல தெக்க வெப்பாங்கல்ல. காலு சரியா இங்க வந்து சேந்துக்கும். நீ ஒரு பக்கம், உங்காலு ஒரு பக்கம்னு கெடக்கக் கூடாதுன்னு வேலுமணிகிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன். உன் ஒசரம் எனக்குத் தெரியும். பட்டறையில பலகைய அளக்கறவன், தப்பாது."

பாவாயிக்கு வந்த ஆத்திரத்துக்கு ஊன்றுகோலால் அவனை ஒரு போடு போட்டிருப்பாள். உசுரோடு இருக்கிறவளுக்கு அளவெடுத்துக் கல் நட்டு வைத்திருக்கிறான். ஆனால் அவன் உதடு துடிப்பதைப் பார்த்ததும் அந்த ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. இத்தனை நாளும் அந்தக் கால் தன்னைக் கூப்பிடுகிறது என்று பயந்துகொண்டிருந்தாள். இந்த மனுசனோ அது தனியாகக் கிடக்கிறதே என்று தவித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அவள் புருசன் தோளிலிருந்து கையை எடுத்தாள். அவன் தடுப்பதற்குள் கல்லைத் தாண்டி அந்த வெற்றுத் தரைக்குள் போய், இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். நிற்க முடிந்தது. பயம் இருந்தது, குளிரும் இருந்தது, விரல் இடுக்கில் மண்ணும் இருந்தது. எதுவும் போகவில்லை. ஆனால் முட்டி நிமிர்ந்திருந்தது.

"பஸ்ஸுல துண்டைப் போட்டு எடம் புடிக்கற மாதிரி புடிச்சு வெச்சிருக்கீங்க" என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அப்புசாமி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்கினான். கால் போன அன்றைக்குக்கூட அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

அழுது முடிக்கட்டும் என்று நின்றாள். பிறகு முள்ளுக்கு அடியில் இருந்த மேட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். சாவு வீட்டிலிருந்தோ சுடுகாட்டிலிருந்தோ கிளம்புகிறபோது எங்கள் பக்கம் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டார்கள். வாயை மூடிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். பாவாயி தறிவீட்டுக் குரலில், அக்கரைக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"வாரேன். எனக்கு இன்னும் சோலி கெடக்குது. பொறுத்துத்தான் வாரேன்."