பர்மா அணிக்காக எடுத்த மீசை

நான் முட்டாள் என்பதை முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட இடம் கொடுக்க மாட்டேன். பெற்ற தகப்பன் வீட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை மென்றுகொண்டிருக்கும்போது, என்னைக் கப்பலேற்றி அனுப்பிய ஒரு நாட்டின் கால்பந்து அணிக்காக மீசையை மழித்துக்கொண்டவன் நான். அதுவும் நாற்பத்தொரு வயதில், நல்ல நினைவோடு.

ரங்கூனிலிருந்து வந்து கும்மிடிப்பூண்டி, வியாசர்பாடி, திருச்சி என்று சிதறிக் கிடக்கும் நம்மவர்களும், இன்னும் அங்கேயே தங்கிவிட்டவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறேன். ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் வாடகை வீடு. இந்த ஊருக்கு எல்லா வகையிலும் பழகிவிட்டேன், மழையைத் தவிர. இங்கே நாலு தூறல் விழுந்தால் பையன்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். ரங்கூனில் மழை பிடித்தால்தான் பந்தை எடுப்போம். முழங்கால் சேற்றில் பந்து எது, அடுத்தவன் தலை எது என்று தெரியாமல் உதைப்போம். இந்த வருஷமும் முதல் மழைக்கு நான் தனியாக வாசலில் போய் நின்றேன். எதிர்வீட்டு அம்மாள் என் மனைவியைத் தனியே அழைத்து, உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தாளாம்.

பக்கத்து மிஷினில் இருப்பவர் ஏகாம்பரம். வடக்குப்பட்டுக்காரர். காலையில் நாற்று நட்டுவிட்டு இரண்டாம் ஷிப்டுக்கு வருகிற ஆள். என் பெயர் அவருக்குத் தெரியுமா என்பது சந்தேகம். பர்மா என்றுதான் கூப்பிடுவார். பர்மா ஒரு காலத்தில் ஆசியாவுக்கே சாம்பியன், அறுபத்தாறிலும் எழுபதிலும் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியது என்று பத்து வருஷமாக அவரிடம் சொல்லி வருகிறேன். பத்து வருஷமாகச் சிரிக்கிறார். நான் வாயைத் திறந்தாலே வேடிக்கைக்குத்தான் என்று லைன் முழுக்கப் பெயர் வாங்கிவிட்டதில் இது ஒரு நஷ்டம்.

அன்று கேன்டீனில் டீ குடிக்கும்போது எல்லார் முன்னாலும் ஆரம்பித்தார். "இன்னா பர்மா, உங்க டீமு இப்போ எங்க ஆடிக்கினு கீது? பேப்பர்ல பேரயே காணோமே."

அதில் உண்மை இருந்ததால்தான் சுருக்கென்றது. நம் அணி சரிந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. பழைய தங்கங்களோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ரங்கூன் மைதானத்தில் பர்மாவை இந்தியா ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை, ஜெயித்ததாக யாராவது காட்டினால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று எழுந்து நின்று சொன்னேன். நாற்பது பேர் சாட்சி.

அந்தத் தகவல் என் சொந்தச் சரக்கு அல்ல, அப்பா சொன்னது. எழுபதில் பாங்காக்கில் அரையிறுதியில் பர்மா இந்தியாவைத் தோற்கடித்த செய்தி ரேடியோவில் வந்தபோது நாங்கள் அகதிகள் குடியிருப்பில் இருந்தோம். நான் துள்ளிக் குதித்தேன். குதித்து இறங்கிய பிறகுதான் பார்த்தேன், தெரு முழுக்க அமைதி. எல்லாரும் பர்மாவில் பிறந்தவர்கள், எல்லார் கையிலும் இந்திய ரேஷன் கார்டு. சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரங்கூனில் லுங்கிக் கடையை ஒரே காலையில் அரசாங்கத்திடம் பறிகொடுத்தவர் என் அப்பா. பர்மா என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்விடுவார். அன்று அவர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார், ரங்கூன் மைதானத்தில் இந்தியாக்காரன் ஜெயித்ததே இல்லை என்று. இருபத்தொரு வருஷமாக அதை நான் வேதமாக வைத்திருந்தேன்.

நடுவர் தேவைப்பட்டார். தரப் பரிசோதனைப் பிரிவில் கோஷ் என்று ஒரு கல்கத்தாக்காரர் புதிதாக வந்திருந்தார். கால்பந்துப் பைத்தியம். அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து பத்திரிகைத் துண்டுகளை ஒட்டிவைத்த நோட்டு அவரிடம் உண்டு. விஷயத்தைச் சொன்னதும், நான் அவரைச் சண்டைக்கு இழுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு புரிந்து, மறுநாள் நோட்டோடு வந்தார். பர்மாவின் இரண்டு தங்கமும் உண்மை என்றார். ஏகாம்பரம் வாயைப் பிளந்துவிட்டார். பத்து வருஷம் காத்திருந்த அந்த ஒரு நிமிஷத்தை நான் அனுபவித்து முடிப்பதற்குள் கோஷ் இன்னொரு பக்கத்தைத் திருப்பினார்.

"பட், இது பாருங்க. ரங்கூன்லயே உங்களை அடிச்சோம். கோப்பையும் எங்களுக்கு."

ஐம்பதுகளின் தொடக்கம். நாலு நாடுகள் ஆடிய போட்டி. பழுப்பேறிய படத்தில் பின்னால் தெரிந்தது ரங்கூன் மைதானம். தோற்றது அதிர்ச்சியில்லை. அந்தப் போட்டியை நேரில் பார்த்ததாக, கடை பறிபோவதற்கு முன்பு, அப்பா நூறு தடவை சொல்லியிருக்கிறார். என்னைத் தோளில் வைத்துக்கொண்டு போனாராம். அப்போது எனக்குக் கூட்டத்தில் நடக்கவிட முடியாத வயது. முடிவை மட்டும் ஒரு தடவையும் சொன்னதில்லை.

ஷிப்ட் முடிந்து ஒரகடம் கூட்ரோட்டில் இறங்கியதும் நேரே முடிதிருத்தும் கடைக்குள் நுழைந்தேன். பின்னாலேயே வந்த ஏகாம்பரம் முகத்தில் வெற்றிக்களை இல்லை. கையைப் பிடித்து இழுத்தார்.

"யோவ், வேணாம்யா. வூட்ல பெருசு குத்துக்கல்லாட்டம் உக்காந்துகினு கீறாரு. நா இன்னா, நெசமாவா கேட்டேன்?"

தகப்பன் போனால்தான் மகன் மீசை எடுப்பான் என்பது எனக்கும் தெரியாததல்ல. ஆனால் நாற்பது பேர் முன்னால் சொன்ன சொல்லும், அப்பா மீது வந்த கோபமும் சேர்ந்து என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டன. கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. ரேடியோவை அணைத்துவிட்டு, மிகவும் மெதுவாக மழித்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு நடந்தேன். டீக்கடை பெஞ்சிலிருந்த நாலு பேர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். ஒருவர் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். தெருமுனையில் எதிர்வீட்டு அம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். அடுத்த கணம் தலையில் அடித்துக்கொண்டு ஓலமிட ஆரம்பித்தாள். அம்மா, அப்படி இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, துக்கத்தில் உளறுகிறேன் என்று என்னைப் பிடித்துத் தாங்கினார்கள். ஆஸ்பத்திரியிலா, எப்போது எடுக்கிறீர்கள் என்று கேள்விமேல் கேள்வி. இப்படியாக ஒரு சின்ன ஊர்வலம் என் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது.

அப்பா வாசலில் நாற்காலி போட்டு, மடியில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். ஓலம் பாதியில் நின்றது. இறந்தவரே தன்னைப் பார்க்க வந்தவர்களை என்னவென்று கேட்டால் யார்தான் பதில் சொல்வார்கள்? ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அப்பா என் உதட்டுக்கு மேலே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பொட்டலத்தை மடித்துக் கீழே வைத்தார். தன் சாவை மகன் முகத்தில் பார்த்த மனிதரிடம் என்ன சொல்வது?

அவர் காலடியில் உட்கார்ந்து, கேன்டீன், சபதம், கோஷின் நோட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று துணிந்து நானும் கேட்டுவிட்டேன். சுற்றிலும் பர்மாக்காரர்கள், மைதானத்தில் இந்தியா கோல் மேல் கோல் போடுகிறது, தோளில் பிள்ளை. அன்றைக்கு நீங்கள் யார் பக்கம் இருந்தீர்கள் அப்பா?

"எந்திரிச்சவுகளோட எந்திரிச்சேன், உக்காந்தவுகளோட உக்காந்தேன்."