கடற்பல்லியும் சுமைதாங்கியும்

போன கிழமை ரொறன்ரோவில், மோர்னிங்சைட் தமிழ்க் கடையில் அரிசியும் பாதிப் பூசணிக்காயும் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். முன்பு அந்தத் தரிப்பில் குந்தி இருக்க ஒரு வாங்கு இருந்தது. இப்போது அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நிலம் முழுக்கப் பனி கரைந்த சேறு. பையைக் கீழே வைக்க மனம் வராமல், பக்கத்தில் நின்ற பச்சை நிற மின்சாரப் பெட்டியின் மேல் தூக்கி வைத்தேன். வைத்ததும் வாய் தன்பாட்டில் "அப்பாடா" என்றது. காதில் வயரோடு நின்ற ஒரு பிள்ளை திரும்பிப் பார்த்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த வயதிலும் அது என்னை விட்டுப் போகவில்லை. அந்தப் பூசணிக்காயின் ஒரு பக்கம் அழுகியிருந்தது எனக்குக் கடையிலேயே தெரியும். மாற்றித் தரச்சொல்லிக் கேட்க வெட்கப்பட்டு அப்படியே வாங்கி வந்த ஆள் நான்.

அந்த "அப்பாடா"வைச் சொல்லிக் கனகாலம். கடைசியாக ஒரு கடற்பல்லிக்கு முன்னால் நின்று சொன்னேன். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் டவுன்ரவுனில் ஒரு மியூசியத்தில் துப்புரவு வேலை செய்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அதைவிட நல்ல வேலை கிடைத்திருக்காது. ஒருவரோடும் கதைக்கத் தேவையில்லை. காலமை ஆறு மணிக்குப் போனால் பத்து மணிக்குச் சனத்துக்குக் கதவு திறக்கும்வரை நிலமும் கண்ணாடியும்தான். நிலம் துடைக்கிற தண்ணீருக்குத் தேசிக்காய் மணம், எலுமிச்சை வாசம், போட்டிருப்பார்கள். இன்றைக்கும் வீட்டில் தேசிக்காய் வெட்டினால் எனக்குச் சாப்பாடு நினைவு வராது. ஈரமாகப் பளபளக்கிற அந்த மண்டபத்து நிலம்தான் வரும்.

என்னோடு வேலை செய்தவள் ஹமீதா. அவளும் யாழ்ப்பாணத்தாள்தான், ரவுணுக்குள் இருந்த முஸ்லிம் குடும்பம். என்னைவிட ஆறேழு வயது குறைவு. இங்கிலீசு வாசிப்பாள், வாயும் காணும். மேலே உள்ளவர்களோடு கதைக்க வேண்டியதெல்லாம் அவள்தான். நான் பின்னால் நின்று தலையாட்டுவேன்.

எங்கள் பகுதியில் சுவரோடு சாத்தி ஒரு பெரிய கறுப்புக் கல் இருந்தது. இரண்டு ஆள் நீளம். அதற்குள் ஒரு பிராணியின் எலும்பு அப்படியே பதிந்திருந்தது. சாப்பாட்டுக் கோப்பை அளவு கண், நீள அலகு, அலகு முழுக்கப் பல்லு, கைகால் இருக்க வேண்டிய இடத்தில் துடுப்பு. கல்லுக்குக் கீழே இடுப்பு உயரத்தில் ஒரு தட்டு. அதைத் தூசு துடைப்பது என் வேலை.

"ஹமீதா, உது என்ன, சுறாவோ ஓங்கிலோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

அவள் பக்கத்தில் இருந்த விளக்கப் பலகையை வாசித்தாள். "மீனே இல்லையாம் அக்கா. பல்லி, ஓணான் சாதியாம். இப்ப உலகத்தில ஒண்டும் இல்லையாம்."

"உந்தப் பெரிய பல்லியோ! மேல விழுந்தா என்ன பலனாம்?"

"விழுந்தா நாங்க ரெண்டு பேரும் சம்பல். அதுதான் பலன்."

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்த மண்டபத்தில் சத்தமாகச் சிரித்தால் எதிரொலி கேட்கும், அதுவும் எனக்கு வெட்கம். பிறகு அவள் விரலால் காட்டினாள். "வயித்துக்குள்ள பாருங்கோ."

விலா எலும்புகளுக்கு உள்ளே சின்னச் சின்ன முள்ளந்தண்டுகள். மூன்று இருந்தன. நாலாவதன் வால் மட்டும் வெளியே வந்திருந்தது.

"இதுகள் தரையில இருந்த சாதிதானாம் அக்கா. பேந்து கடலுக்குப் போயிட்டுதுகளாம். போனாப் பிறகு கரைக்கு ஏறத் தெரியாமப் போச்சாம். ஏறி முட்டை போடேலாதபடியா வயித்துக்குள்ளயே காவிக்கொண்டு திரிஞ்சிருக்குதுகள். இது பிள்ளைப்பெறுவுக்குள்ள செத்துப்போச்சு." வாசித்து முடித்த பிறகும் அவள் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்த நேரம் ஊரில் என் தங்கச்சி தவம் பிள்ளைத்தாய்ச்சி. கலியாணம் முடித்து ஒன்பது வருடத்துக்குப் பிறகு வந்த வயிறு. எங்களுக்கு அம்மா இல்லை. அம்மா போகும்போது தவத்துக்கு நாலு வயது, அவளுக்குத் தலை இழுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பியது நான். பிள்ளைப்பெறுவுக்குத் தாய் பக்கத்தில் நிற்க வேண்டும், தாய் இல்லாவிட்டால் தமக்கை. நீலக் கடிதத்தில் எழுதியிருந்தாள்: "அக்கா, பிள்ளைப்பெறுவுக்கு நீ வரவேணும். எனக்கு வேறை ஆர் இருக்கினம்?" எனக்கு அப்போது இங்கே இருக்கிறதற்கே கடதாசி சரிவரவில்லை. வெளியே போனால் திரும்பி வர இயலாது. கொழும்பு மட்டும் போனாலும் அங்கிருந்து யாழ்ப்பாணம் போகப் பாதையும் இல்லை. எல்லாம் தெரிந்துகொண்டே பதில் எழுதினேன், "வாறன்" என்று. மூன்று எழுத்து. அவளின் மனம் ஆறட்டும் என்று எழுதியது.

அந்த ஐப்பசியில்தான், தொண்ணூற்றைந்தில், ஆமி வருகிறதென்று யாழ்ப்பாணம் முழுவதும் வீட்டைப் பூட்டிவிட்டு மழைக்குள் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. உங்களில் கனபேர் நடந்திருப்பீர்கள். நான் ரொறன்ரோவில் சூடு போட்ட வீட்டுக்குள் இருந்தேன். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு ஊர் ஆள் ஒருவர் கொழும்புக்கு வந்து போன் எடுத்தார். சனத்துக்குள் நடந்துகொண்டிருந்த தவத்துக்கு வழியில் பிள்ளைப்பெறு நோக் கண்டதாம். றோட்டுக்கரையில் சீலை பிடித்து மறைத்தார்களாம். மருத்துவிச்சி ஒருவரும் அகப்படவில்லை. பிள்ளை வரவில்லை. தவமும் போய்விட்டாள். எந்த இடம் என்று கேட்டேன். "இருட்டும் மழையும் அக்கா, இடம் சொல்லத் தெரியேல்லை" என்றார்.

எங்கள் பக்கத்தில் வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் செத்தால் அவளின் பெயரில் வழியோரம் சுமைதாங்கி வைப்பார்கள். இரண்டு கல்லு நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்துவது, அவ்வளவுதான். சந்தைக்குக் கடகம் சுமந்து போகிற பெண்கள் ஒருவரின் உதவியும் இல்லாமல் அதில் சுமையை இறக்கி, இளைப்பாறி, திரும்பத் தலைக்கு ஏற்றலாம். அவள் இறக்காமல் கொண்டுபோன பாரம், ஒவ்வொருவர் இறக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குமாம். ஆனால் பாரம் மெய்யாக இருக்க வேண்டும். வெறுங்கையோடு வந்து குந்திக்கொண்டு போனால் அவளுக்குப் போய்ச் சேராது.

தவத்துக்கு யார் வைப்பது? எந்த றோட்டில்?

செய்தி வந்த மறுநாளும் நான் வேலைக்குப் போனேன். லீவு கேட்க இங்கிலீசும் வாயும் வேண்டுமே. தேசிக்காய்த் தண்ணீர்க் கலனைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் வர, கை சோர்ந்துபோய், விழுத்திவிடுவேனோ என்று அந்தக் கல்லுக்குக் கீழே இருந்த தட்டில் வைத்தேன். "அப்பாடா" என்று வந்தது. நிமிர்ந்து பார்த்தால் முகத்துக்கு நேரே அந்த வயிறு, அந்த வால்.

அதன் பிறகு ஒவ்வொரு காலமையும் வைத்தேன். வண்டிலில் வைத்துத் தள்ளிப் போயிருக்கலாம், நான் வேண்டுமென்றே கையில் காவினேன். பேஸ்மென்ரில் நிரப்பி, படியேறி, அதில் இறக்கி, ஒரு நிமிடம் நின்று, திரும்பத் தூக்குவேன். பல்லிக்கு முன்னால் நிற்கிறேன் என்று தெரியும். தவத்துக்குத்தான் வைக்கிறேன் என்றும் தெரியும்.

ஹமீதா கண்டுபிடித்துவிட்டாள். "என்னக்கா, ஒவ்வொரு நாளும் உந்தக் கலனுக்கு லீவு குடுக்கிறியள்?" என்று பகிடியாகத்தான் தொடங்கினாள். தவத்தைப் பற்றிச் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் தொடர்ந்து கதைத்தது அன்றைக்குத்தான். அவள் இரண்டு நாள் கழித்து, தன் கைப்பையை லொக்கரில் வைக்காமல் கொண்டுவந்து என் கலனுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எங்கட ஆக்களிட்ட உதொண்டும் இல்லை அக்கா. சும்மா கை நோகுது, வச்சனான்" என்றாள்.

தொண்ணூறில், ஒரு பையோடு வெளியேறச் சொல்லி இயக்கம் அவளின் ஆட்களை யாழ்ப்பாணத்தை விட்டு அனுப்பிய நாளில் நானும் ஊரில்தான் இருந்தேன். தெரிந்த சனம் போகிறது என்று கேள்விப்பட்டும் படலையைத் திறந்து வெளியே வரவில்லை. அதை வெட்கம் என்று சொன்னால் பொய். பயம். இது எல்லாம் ஹமீதாவுக்கு நான் சொன்னதில்லை, அவள் கேட்டதுமில்லை. அவளின் பை பெரிதாக இருக்காது. ஆனால் வைக்கும்போது இரண்டு கையாலும் வைப்பாள்.

கலனின் அடி கசிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. தட்டின் கறுப்பு நிறத்தில் வட்டம் வட்டமாக வெள்ளை விழுந்துவிட்டது. ஒருநாள் அந்த மண்டபத்துக்குப் பொறுப்பான வெள்ளைக்காரப் பெண்ணும் எங்கள் சுப்பவைசர் மனுவேலும் அதற்கு முன்னால் நின்றார்கள். மனுவேல் போர்த்துக்கல்காரன், நல்லவன், ஆனால் வேலை என்றால் கண்டிப்பு. இது யார் செய்தது என்று கேட்டான்.

"மீ" என்றாள் ஹமீதா, நான் மூச்சு எடுக்கமுதல்.

அவளுக்கும் வீட்டில் நாலு வயிறு. இந்த முறையும் படலைக்குள்ளேயே நிற்கப் போகிறேனா என்று நினைத்தேனோ என்னவோ, வாய் திறந்துவிட்டது.

"நோ. மீ," என்றேன். பிறகு கல்லைக் காட்டி, "மை சிஸ்ரர்" என்றேன். அதற்கு மேல் எனக்கு இங்கிலீசு இல்லை.

மனுவேல் என்னை விசரி என்று நினைத்திருப்பான். அந்தப் பெண் மட்டும் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். ஏசவில்லை. பாவம், என்னைத் தேற்றுகிறேன் என்று நினைத்துத்தான் அதைச் செய்தாள். விரலை மடக்கிக் கல்லில் தட்டிக் காட்டினாள். டொக் டொக் என்று வெறும் பெட்டிச் சத்தம்.

"மெய்யான கல்லு ஜேர்மனியில இருக்குதாம் அக்கா. இது அதைப் பார்த்துச் சாந்தில செய்ததாம். தட்டுக்குப் புதுப் பெயின்ற் அடிச்சாச் சரியாம். பயப்பிடாதையுங்கோவாம்" என்று ஹமீதா மெல்லச் சொன்னாள்.

அன்றைக்குச் சப்வேயில் வரும்போது, இத்தனை நாளும் இறக்கியது யாருக்கும் போய்ச் சேரவில்லையே என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஹமீதாதான் முழங்கையால் இடித்தாள்.

"கல்லு பொய்யெண்டா என்னக்கா? நீங்க காவினது என்ன, பொய்த் தண்ணியோ? இஞ்ச பாருங்கோ, கை வீங்கிக் கிடக்கு."

அடுத்த நாளிலிருந்து கலனை வண்டிலில் வைத்துத் தள்ள வேண்டும் என்று கட்டளை. கைப்பை லொக்கரில்தான். ஆகவே அந்தக் கல்லைத் தாண்டி வெறுங்கையோடு போனேன், இன்னும் இரண்டு வருடம். தூசு துடைப்பேன். அந்த வாலைக் கடக்கும்போது மட்டும் துணியை மெல்லமாக இழுப்பேன்.

பிறகு ஹமீதாவின் புருஷனுக்கு எயார்போட்டில் வேலை கிடைத்து மிசிசாகாவுக்குப் போனார்கள். பெருநாளுக்கும் பொங்கலுக்கும் போன் எடுப்பாள். ஒவ்வொரு முறையும், "அக்கா, ஒருக்கா வாங்கோவன்" என்பாள். பஸ் மாறி மாறிப் போக வேண்டும், வழி கேட்க வேண்டும். நான் சொல்வேன், "வாறன்."

அதே மூன்று எழுத்து.

ஆறு வருடத்துக்கு முன் அவளின் மகள் போன் எடுத்தாள். உம்மா மௌத்தாகி, அடக்கம் செய்து நாற்பது நாள் முடிந்துவிட்டதாம், என் நம்பர் இப்போதுதான் அகப்பட்டதாம்.

அடுத்த நாள் காலமை, அந்தத் தட்டில் ஹமீதாவுக்காக ஒருமுறை இறக்க, பத்து இறாத்தல் அரிசிப் பையை எடுத்துக்கொண்டு தனியாக மியூசியத்துக்குப் போனேன். வீட்டில் சொல்லவில்லை, சொன்னால் என்ன விளக்கம் கொடுப்பது? வாசல் மாறியிருந்தது. உள்ளே எல்லாம் வெள்ளையும் கண்ணாடியும். எங்கள் சுவர் இருந்த இடத்தில் கோப்பிக் கடை, சின்ன வட்ட மேசைகள். தேசிக்காய் மணமும் இல்லை. தகவல் மேசையில் இருந்த ஒரு பிள்ளையிடம் நானே போய்க் கேட்டேன், வயிற்றில் குட்டிகளோடு இருந்த அந்தப் பெரிய கல் எங்கே என்று. கையால் காட்டிக் காட்டித்தான் கேட்டேன். அவள் கம்பியூட்டரில் தேடினாள். வேறு ஒருவரையும் கேட்டாள். அது மெய்யானது இல்லையே, மண்டபத்தைத் திருத்தும்போது உடைத்து எறிந்துவிட்டார்களாம்.

நான் நின்றுகொண்டே இருந்தேன் போல. அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. பை பாரமாக இருக்கிறதே என்று சொல்லி, தனக்கு முன்னால் இருந்த கடதாசிகளை ஒதுக்கி, இதில் வையுங்கள் என்று கை காட்டினாள்.

"நோ, தாங்க்யூ" என்றேன்.

அந்தப் பையைச் சப்வேயிலும் பஸ்ஸிலும் மடியில் ஏந்திக்கொண்டுதான் வந்தேன். மோர்னிங்சைட்டில் இறங்கியபோது, தரிப்பில் அந்த வாங்கு அப்போது இருந்தது. அதிலும் நான் வைக்கவில்லை.