கொக்கு கொண்டுவந்த பூ

“பக்கத்து வூட்டு மருமவ கதைய அப்பறம் பேசலாம் சாலா, மொதல்ல அந்தப் பூவ வெளிய போடு! எங்க புடிச்ச, ஏரியிலயா? குடத்துல வெச்சி வளக்கப் போறியா?”

சிரிக்காதே சாலா. இந்த ஆகாயத்தாமரைக்கும் எனக்கும் பழைய உறவு. உட்கார், சொல்கிறேன்.

அப்போது வெள்ளைக்காரன் காலம். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். எங்கள் ஊர் ஏரிக்கு அப்பாதான் காவல். மதகைத் திறப்பது, மூடுவது, கரையில் எலிவளை அடைப்பது எல்லாம் அவர் வேலை. சம்பளம் பஞ்சாயத்து போர்டு கொடுத்தது. எனக்குக் காது குத்தியிருந்தார்கள். துளை தூர்ந்துவிடாமல் இருக்கத் துடைப்பக் குச்சியைச் செருகியிருந்தாள் அம்மா. அப்பாவுக்குச் சம்பளம் ஏறினால் கம்மல் என்று பேச்சு. அதனால் போர்டு என்று யாராவது சொன்னாலே எனக்குக் காது அரிக்கும்.

அதற்கு முந்தின வருடம் பொம்மிடிக்குப் போயிருந்தோம். அம்மாவுக்கு அத்தையைப் பார்க்க வேண்டும், எனக்கு ரயிலைப் பார்க்க வேண்டும். ஆனால் ஸ்டேஷன் பக்கத்துக் குட்டையில் ஊதாப்பூவாகப் பூத்துக் கிடந்தது. மேல் இதழில் மயில்கண் போல ஒரு மஞ்சள் பொட்டு! ரயில் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஒரே ஒரு செடியை எடுத்து அத்தை கொடுத்த சட்டியில் மிதக்கவிட்டு, மாட்டுவண்டி குலுங்கக் குலுங்க மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன். வந்ததும் அம்மா சட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். அது நல்ல குழம்புச் சட்டியாம். செடியோடு ஏரிக்கு ஓடினேன்.

மதகின் மேல் அப்பா உட்கார்ந்திருந்தார்.

“என்னா கண்ணு அது?”

“பூப்பா. வூட்ல வெக்க அம்மா வுட மாட்டேங்குது.”

“அதுக்கென்ன, இங்க வுடு. மெதக்கட்டும்.”

மாடு வாய் வைக்காத ஓரமாகப் பார்த்து அவரே அதைக் கம்பால் தள்ளிவிட்டார்.

அடுத்த மழைக்குப் பிறகு ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்றே தெரியவில்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை பச்சை. எருமை இறங்கினால் கொம்பு மட்டும் தெரியும். மதகு அடைத்துக்கொண்டு கீழ்வயல் நெல் காய்ந்தது.

அப்பாவின் சம்பளத்தைப் பேசச் சாவடியில் போர்டு கூடியது அந்தச் சமயத்தில்தான். நானும் போய்த் தூணோரம் உட்கார்ந்தேன். பிரசிடெண்டு எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

“இருக்கற பணம் ஒண்ணுக்குத்தான் காணும். இவருக்குச் சம்பளம் ஏத்தறதா, ஆளு வெச்சி ஏரியச் சுத்தம் பண்றதா?”

ஒரு மெம்பர் மீசையைத் தடவினார். “காவல் இருக்கறப்பவே இவ்ளோ பூ. சம்பளத்தயும் ஏத்துனா ஏரி பூந்தோட்டமாயிடும்!”

சாவடியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

“அது கெடக்கட்டும். இது எப்படிப்பா வந்துச்சி? நம்மளது மானம் பாத்த ஏரி. ஆறும் கெடையாது, வாய்க்காலும் கெடையாது” என்றார் பிரசிடெண்டு.

எனக்குப் பதில் தெரிந்த கேள்வி! துள்ளி எழுந்தேன். “நா...” என்பதற்குள் அப்பாவின் துண்டு என் தலைமேல் வந்து விழுந்தது. உள்ளே ஒரே இருட்டு, வியர்வை வாசனை. வெளியே அவர் குரல் மட்டும் கேட்டது.

“கொக்கு கால்ல ஒட்டிக்கினு வந்திருக்குங்க. எனக்கு ஏத்தறத வுடுங்க. மொதல்ல ஏரியப் பாருங்க.”

துண்டை விலக்கிப் பார்த்தால் எல்லோர் கையும் மேலே இருந்தது.

நாள்கணக்கில் ஆட்கள் வாரிக் கரையில் குவித்தார்கள். நான் குனிந்து குனிந்து ஒவ்வொரு கொக்கின் காலாகப் பார்த்தேன். நான் விட்டது ஒரே ஒரு செடிதானே? மீதி அத்தனையும் கொக்குகள்தான் கொண்டுவந்திருக்கும் என்று நம்பினேன். என் கம்மலைக் கெடுத்த கொக்குகள் என்று கல்லெடுத்து எறிவேன். கல்யாணம்வரைக்கும் என் காதில் குச்சிதான், தெரியுமா?

அப்பா வந்து கல்லை வாங்கிக்கொள்வார்.

“வுடு கண்ணு. அதுக்கு என்னா தெரியும், பாவம்? அழகா இருக்குதேன்னு தூக்கிக்கினு வந்திருக்கும்” என்பார்.

கொக்குக்கு இவர் ஏன் இப்படிப் பரிந்து பேசுகிறார் என்று எனக்கு ஒரே கோபமாக வரும்.

“அய்யய்யோ, அடுப்புல களி அடிபுடிக்குது! நவுரு சாலா, நவுரு. போறப்ப அந்தப் பூவத் தண்ணியில வுட்டுடாத, வெயில்ல காயப் போட்டுட்டுப் போ!”