நொண்டாமல் ஒரு மணித்தியாலம்

எங்கள் இயன்முறைச் சிகிச்சை நிலையத்தில் அடுத்த நோயாளியை ஒலிபெருக்கியில்தான் கூப்பிடுவோம். அது கரகரத்தவுடன் அந்த இத்தாலியப் பெண்மணியின் முகம் வெளிறிவிடும். நடைப்பயிற்சிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார். முழங்கால் வலிக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியும், அதைத்தான் படித்தேன். காதுக்குள் இருக்கிற வலிக்கு யார் என்ன செய்ய முடியும்?

அவர் இளவயதில் இத்தாலிக்காகப் பனிச்சறுக்குப் பந்தயங்களில் ஓடியவர். மலையுச்சியிலிருந்து காரையும் முந்துகிற வேகத்தில் கீழே பாய்கிற பந்தயம். பிறகு ஒரு நோர்வேக்காரரைக் கட்டி ஒஸ்லோவுக்கு வந்துவிட்டார். அதே நகரத்தின் ரொம்சோஸில் வளர்ந்த எனக்கு அந்த விளையாட்டோடு இருந்த ஒரே உறவு, பள்ளிக்கூடத்துப் பனிச்சறுக்கு நாளில் எல்லாருக்கும் முன்னால் குப்புற விழுந்ததுதான். அதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கிய பிறகுதான் தான் விழுந்த கதையைச் சொன்னார்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறதாம். முதலில் ஓடி முடித்தவள் கீழேயிருந்து வோக்கிடோக்கியில் மேலே நிற்கிற தன் நாட்டுக்காரிக்குப் பாதையின் நிலையைச் சொல்ல வேண்டும். எங்கே பனி இளகியிருக்கிறது, எங்கே இறுகியிருக்கிறது என்று. அன்று கீழே இருந்தவள் இவருடைய உயிர்த்தோழி. "காட்டு வளைவில வேகத்தைக் குறைக்காதை. பனி தாங்குது, நம்பி வா" என்றாள். அவள் சொன்னது உண்மைதான். ஆனால் இவர் புறப்படுவதற்குள் வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. நிழல் விழுந்த வளைவு கண்ணாடியாக இறுகிக் கிடந்தது. இவர் நம்பி வந்தார்.

முறிந்த கால் ஒட்டியது, ஆனால் கொஞ்சம் கட்டையாக. அடுத்த வருடம் மறுபடியும் ஓடிப் பார்த்தாராம். ஒவ்வொரு பந்தயத்திலும் வோக்கிடோக்கி கரகரக்கும்போதே அந்தக் குரல் வந்துவிடும், யார் பேசினாலும். அதோடு விட்டுவிட்டார். தோழியோ அந்தப் பனிக்காலமே விளையாட்டை விட்டுப்போனவள், ஆஸ்பத்திரிக்குக்கூட வரவில்லை. அந்தத் தோழிதான் இப்போது, இத்தனை வருடங்களுக்குப் பிறகு, நோர்வேயின் வடக்கைப் பார்க்கப் போகும் வழியில் ஒஸ்லோவில் சந்திக்கலாமா என்று கேட்டிருந்தாள்.

"ஒரு மணித்தியாலம் நான் நொண்டாமல் நடக்கோணும். அவள் என்ரை காலைப் பாக்கக் கூடாது. நடக்கப் பண்ணுவீங்களோ?" என்று கேட்டார். நோர்வே மொழியில் எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். தமிழில் எழுதும்போது என் கை தானாகவே 'நீங்கள்' போடுகிறது.

பேர் சொல்லாமல் அம்மாவிடம் சொன்னேன். முதலில் வடக்கே பாட்ஸ்பியோர்ட் ஆலையில் மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவுக்கு வந்து எங்களை வளர்த்தவ, எதையும் சுற்றிவளைத்துப் பேச மாட்டா. "ஏலாத காலை ஏலுமெண்டு காட்டுறதும் வைத்தியமே? வேலியால போன ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ள விடாதை, பிள்ளை" என்றா. கேட்டேனா? இல்லை.

சப்பாத்துக்குள் ஒரு தக்கை வைத்துக் குதிக்காலை உயர்த்தினேன். அவருக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தபடி "பயப்படாதேங்கோ, கால் தாங்கும், நம்பி வாங்கோ" என்று கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது யாருடைய பேச்சு என்று உறைத்தது. அதற்குப் பிறகு நிலக்கீழ் ரயிலில் அறிவிப்புக் கரகரத்தாலும் நான் நிமிர்ந்து உட்காரத் தொடங்கினேன். அவரோ பல்லைக் கடித்துக்கொண்டு பழகினார்.

சந்திப்பு துறைமுகத்து ஒபேரா மண்டபத்தின் முன்னால். விழுந்தால் தூக்குவதற்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார். நான் முன்பின் தெரியாதவள் போலத் தள்ளி உட்கார்ந்திருந்தேன். சமதரையில் நடப்பார்கள் என்று நினைத்திருந்தேன். தோழி வந்தாள், கட்டிப்பிடித்தாள், தரையிலிருந்தே நடந்து ஏறலாம்போலச் சரிந்து கிடக்கிற அந்த வெள்ளைக் கூரையைக் காட்டி மேலே போவோம் என்று கையைப் பிடித்து இழுத்தாள். சரிவில் ஏறுவதற்கு நாங்கள் பழகியிருந்தோம், இறங்குவதற்குப் பழகவில்லை.

இறங்கும்போது தோழி முன்னால் வந்து, கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். இவர் தனியாக, நிமிர்ந்து, ஒரு சொட்டும் நொண்டாமல் அந்தப் பளிங்குச் சரிவில் இறங்கி வந்தார். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. தோழி அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, போகிறவர்கள் திரும்பிப் பார்க்க, கத்தி அழுதாள். இத்தாலிய மொழியில் ஏதோ கேட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து போய்விட்டாள்.

அவர் வந்து என் தோளில் முழுப் பாரத்தையும் சாய்த்தார்.

"என்ன கேட்டவ?"

"'உனக்கு ஒண்டும் ஆகேல்லை. பிறகு நான் ஏன் விளையாட்டை விட்டனான்?' எண்டு கேட்டவள். அவள் என்னைவிட வேகம். எல்லாத்தையும் வெண்டிருப்பாள்."

"உண்மையைச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் சாகுமட்டும் தன்ரை குரலையே கேட்டுக்கொண்டிருப்பாள். சொல்லாட்டி வாழ்க்கையைச் சும்மா துலைச்சன் எண்டு அழுவாள். நோவுக்கெண்டு படிச்சனீங்கள்தானே, இதிலை எது குறைய நோகும், சொல்லுங்கோ."

தோழி போன திசையில் ரயில் நிலையம் பக்கத்தில்தான் இருந்தது. ஓடினால் பிடித்திருக்கலாம். நாங்கள் இருவரும் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.