மணப்பெண் கையில் டிரில்

1. ஞாபக சக்தி

மலேசியாவில், கிள்ளானில், ஜன்னல் திரைக் கம்பியும் சமையலறை கேபினெட்டும் பொருத்திக் கொடுக்கும் கடையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பாஸ் சிவபாலன் வயர் இல்லாத டிரில் ஒன்று வாங்கினார். ஒன்பது புள்ளி ஆறு வோல்ட். டார்ச் லைட் போல நீளமான பேட்டரியைக் கைப்பிடிக்குள் சொருக வேண்டும். முதல் நாள் நாங்கள் எல்லோரும் அதைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தோம்.

விற்றவர் போகிறபோக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "பாதி இருக்கும்போதே சார்ஜ் போடாதீங்க பாஸ். பேட்டரி அதை ஞாபகம் வெச்சிக்கும். அப்புறம் பாதி வேலைதான் செய்யும்."

பாஸ் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 'காலியாகாமல் சார்ஜ் போடக் கூடாது' என்று அட்டையில் எழுதி மாட்டினார். சாயங்காலம் மிச்சம் இருந்தால் நான் கடை வாசலில் உட்கார்ந்து டிரில்லை வெறும் காற்றில் ஓட்டித் தீர்க்க வேண்டும். எதிர்க்கடைக்காரர் தினமும் கேட்பார்: "மணியம், யாரைச் சுடப் போற?" நேரம் இல்லாத நாளில் பாதி பேட்டரி அப்படியே மறுநாள் வேலைக்குப் போகும்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி வீட்டில் கடைசி ஸ்க்ரூவுக்கு முன்னால் பேட்டரி செத்தது. சார்ஜ் ஏற ஒரு மணி நேரம். வீட்டு அக்கா முதலில் தேநீர் கொடுத்தார், பிறகு முறுக்கு, அதற்குப் பிறகு இலை போட்டுவிட்டார். நான் ரசம் ஊற்றிக்கொள்ளும்போது சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது.

"இன்னொரு பேட்டரி வாங்குங்க பாஸ்" என்றேன்.

"ஒண்ணையே ஒழுங்கா வெச்சிக்கத் தெரியல. ரெண்டு எதுக்கு?"

2. கதவு

ஒரு ஞாயிறு காலை. கடையைத் திறந்து அரை மணி இருக்கும். பட்டு வேட்டியை மடித்துக் கட்டியபடி பெருமாள் அங்கிள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு தெரு தள்ளி வீடு. அன்றைக்கு அவர் மகள் வசந்தாவுக்குக் கல்யாணம்.

"ரூம் கதவு ஜாம் ஆயிடுச்சு சிவபாலன்! பொண்ணு உள்ள மாட்டிக்கிட்டா! பூட்டு உள்ளயும் திரும்பல, வெளியவும் திரும்பல. பத்தரைக்குக் கோயில்ல முகூர்த்தம். எங்க வீட்டு வரிசையில கரண்ட் வேற இல்ல."

பாஸின் முகம் மலர்ந்தது. "கரண்ட் எதுக்கு அங்கிள்? நம்மகிட்ட வயரே இல்லாத டிரில் இருக்கு."

"பாஸ், பாதிதான் இருக்கு" என்று காதோரம் சொன்னேன்.

"போதும்லா. ஒரு கதவுதானே."

வீட்டில் ஹால் முழுக்க சொந்தக்காரர்கள். கதவோ கனமான பலகை. நாலு பேர் சேர்ந்து இடித்துவிடலாம் என்று ஒருவர் வேட்டியை இறுக்கினார். "கல்யாணத்தன்னைக்குக் கதவை உடைப்பாங்களா?" என்று பெரியம்மா ஒருவர் குறுக்கே வந்து நின்றுவிட்டார். மணி ஒன்பது.

நான் பூட்டின் சாவித் துளையில் டிரில்லை வைத்து அழுத்தினேன். உள்ளே ஏதோ கடினமான இரும்பு. டிரில் முனையில் இருந்த பிட் வழுக்கியது, கீச்சென்று கத்தியது, துளை விழவில்லை. சத்தம் மெல்ல இறங்கத் தொடங்கியதும் கையை எடுத்துவிட்டேன். இன்னும் இரண்டு நிமிடம் அழுத்தினால் மிச்ச சார்ஜும் போய்விடும்.

அப்போதுதான் கவனித்தேன். கதவு உள்பக்கமாகத் திறப்பது. கீல்கள் எல்லாம் பெண் இருக்கும் பக்கத்தில். வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். ஜன்னலில் இரும்பு கிரில். ஆள் நுழைய முடியாது. டிரில் நுழையும்.

வசந்தா முழு அலங்காரத்தில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன். எரிச்சலாகத்தான் இருந்தாள்.

"தங்கச்சி, பயப்படாதீங்க. இதுக்குப் பேரு டிரில். இந்த விசையை அழுத்தினா சுத்தும். கழட்டணும்னா இடப்பக்கம் சுத்தணும். இடப்பக்கம்னா, கடிகார முள்ளு போற பக்கம் இல்ல..."

நான் கடிகாரத்தைக் கையால் வரைந்து காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கிரில் வழியாக டிரில்லை வாங்கி, பார்க்காமலே கட்டைவிரலால் ரிவர்ஸுக்குத் தள்ளி, ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, நான் ஷா ஆலம் பேக்டரில நாலு வருஷமா டிவி பின்பக்க மூடிக்கு ஸ்க்ரூ போடுறேன். ஸ்க்ரூ பிட் குடுங்க."

கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"தேஞ்சு போச்சு. வேற இல்லையா?"

வேறு கொடுத்தேன்.

"பேட்டரி எவ்வளவு இருக்கு?"

"பாதி... அதுக்கும் கம்மி."

"நேத்து சார்ஜ் போடலையா?"

நான் பக்கத்தில் வந்து நின்ற பாஸைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேட்டரியின் ஞாபக சக்தியைப் பற்றி ஆரம்பித்தார். வசந்தா முழுவதும் கேட்டாள்.

"அங்கிள், எங்க லைன்ல வந்து இதைச் சொன்னீங்கன்னா சூப்பர்வைசர் உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாரு."

பலகைக்கு மேலேயே தெரியும் பழைய பட்டைக் கீல் மூன்று, கதவு நிலையில் ஒன்பது ஸ்க்ரூ. எல்லாம் பெயிண்ட் பூசி மூடியிருந்தது. தலையிலிருந்து ஹேர்பின் ஒன்றை உருவி ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையையும் சுரண்டினாள். முந்தானையை இடுப்பில் சொருகினாள்.

"முழுசா கழட்டினா பேட்டரி தாங்காது. ஒவ்வொண்ணையும் ஒரு சுத்து இளக்கிக்கிறேன். மிச்சத்தைக் கையால பாத்துக்கலாம். ஸ்க்ரூ டிரைவர் இருக்குல்ல?"

எனக்கு இது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் பிரிக்பீல்ட்ஸில் இலை போட்டிருக்க மாட்டார்கள்.

எட்டு ஸ்க்ரூ இளகியது. ஒன்பதாவதில் டிரில் ஒருமுறை முனகிவிட்டு நின்றது. வெளியே பெருமாள் அங்கிள் மணி ஒன்பதே முக்கால் என்று கத்தினார்.

"அஞ்சு நிமிஷம் விடுங்க தங்கச்சி. சும்மா வெச்சா கொஞ்சம் உயிர் வரும்" என்றேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சொன்ன உருப்படியான யோசனை.

அவள் டிரில்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நெற்றிப் பொட்டு வியர்வையில் இறங்கியிருந்தது.

"அவங்க வீட்டுல கோயிலுக்கு வந்துட்டாங்களாண்ணே?"

"எட்டரைக்கே வந்துட்டாங்களாம்."

"இருக்கட்டும்" என்றாள்.

ஐந்து நிமிடம் கழித்து விசையை அழுத்தினாள். டிரில் கால் சுற்றுதான் சுற்றியது. ஸ்க்ரூ 'டக்' என்று இளகியது. கிரில்லுக்கு வெளியே நாங்கள் இருவரும் கைதட்டினோம். மிச்சத்தை நான் நீட்டிய ஸ்க்ரூ டிரைவரால் கீழிருந்து மேலாகக் கழற்றினாள். பாஸும் நானும் ஹாலுக்கு ஓடிக் கதவைத் தள்ள, அவள் கீல் பக்கத்தைப் பிடித்து இழுக்க, கதவு சட்டத்தை விட்டு வந்தது.

பட்டுப் புடவையில் பெயிண்ட் தூள், கையில் டிரில். வசந்தா அப்படியேதான் வெளியே வந்தாள். போட்டோக்காரர் விடவில்லை. ஆல்பத்தின் முதல் படம் அதுதான் என்று பிறகு கேள்விப்பட்டேன். பத்தரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கார் கோயில் வாசலில் நின்றது. தாலி நேரத்துக்கு ஏறியது.

3. நான் கற்றது

மறுவாரம் பாஸ் அட்டையைக் கழற்றினார். இரண்டாவது பேட்டரியும் வந்தது. ஒன்று வேலையில் இருந்தால் ஒன்று சார்ஜரில். அப்படியும் மூன்று வருடத்தில் இரண்டுமே தளர்ந்து, நாலு ஸ்க்ரூவுக்கு மேல் தாங்கவில்லை. டிரில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, மோட்டார் புதிது போலவே ஓடியது. ஆனால் அந்த அளவு பேட்டரி பிறகு கடையில் கிடைக்கவில்லை. வாங்கும்போது இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இன்னும் இரண்டு சொல்வேன். பையில் கை ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.

இன்னொன்று எனக்கே வெட்கமானது. ஜன்னலுக்கு வெளியே நின்று நான் கடிகார முள் வரைந்து காட்டிய நேரத்தில் அந்தப் பெண் மூன்று ஸ்க்ரூவை இளக்கியிருப்பாள். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும், விளக்கம் சொல்லும் முன் "உங்களுக்கு இது பழக்கமா?" என்று கேட்டுவிடுவேன். பாதிப் பேர் இல்லை என்பார்கள். மீதிப் பேரிடம் நான் கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன்.