காதருகே ஒரு குலுக்கு

கிண்டியில் ஒரு பழைய போல்ட் ஃபேக்டரியைச் சொகுசு ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். செங்கல் சுவரை அப்படியே விட்டிருந்தார்கள். வாட்ச்மேனையும் அப்படியே விட்டிருந்தார்கள். புது லினன் குர்த்தாவுக்கு மேலே அவருடைய பழைய காக்கி பெல்ட், அதில் ஒரு விசில்.

உள்ளே வருகிறவர்களை அவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. வெளியே போகிறவர்களின் பையை மட்டும் வாங்கி, காதருகே வைத்து ஒரு குலுக்கு குலுக்குவார்.

அறையைக் காலி செய்துவிட்டு மனைவியோடு கிளம்பியபோது என் பையையும் வாங்கக் கை நீட்டினார்.

"எல்லா ஹோட்டல்லயும் உள்ள வரும்போதுதானேய்யா செக் பண்ணுவாங்க?" என்று எகிறினேன்.

"உள்ள வர்றவன் இன்னாத்த சார் தூக்கிக்கினு போவப் போறான்? ஃபேக்டரி காலத்துலேர்ந்தே வெளிய போறவன்தான் பேஜாரு" என்றபடி குலுக்கினார்.

'கிணுங்' என்றது.

அறை மேஜையில் அலங்காரத்துக்கு வைத்திருந்த பழைய போல்ட். ஞாபகார்த்தமாக இருக்கட்டும் என்று எடுத்துப் போட்டிருந்தேன். அது பையிலிருந்த ஸ்டீல் தண்ணீர் பாட்டிலில் இடித்துவிட்டது. மனைவி பத்தடி தள்ளிப் போய், யாரோ போல நின்றுகொண்டாள்.

அவருக்குக் கோபமே வரவில்லை. போல்ட்டை எடுத்துத் துடைத்தார்.

"அப்பல்லாம் தயிர்சாதத்துக்கு அடியில வச்சி எடுத்துக்கினு போவானுங்க சார். சத்தமே வராது. நீங்க தொழிலுக்குப் புதுசு போல கீது" என்று விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

அது ஹோட்டல் விருந்தாளிக்கு அடித்ததா, கத்துக்குட்டித் திருடனுக்கு அடித்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.