இஞ்சி பீர்க்கங்காய்

நாகமலை புதுக்கோட்டையில் மாடி வீட்டுக்கு நாங்கள் குடிவந்த அன்று, கீழே இருக்கும் வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “தம்பி, குடிப்பீகளா?” இல்லை என்றேன். அது உண்மை. பதினோரு மாதம் கழித்து, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அவர் மேலே வரவிருந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சமையலறையில் பன்னிரண்டு பீர் பாட்டில்கள் வரிசையாக நின்றன.

உள்ளே இருந்தது இஞ்சி பீர். இஞ்சியும் சர்க்கரையும் தண்ணீரும் ஒரு வாரம் ஜாடியில் புளித்து நுரைத்த பானம். போதை என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. வாயுவைத் தாங்கும் தடித்த பாட்டில் வேண்டும் என்று இணையத்தில் படித்த செய்முறை சொன்னது. காளவாசலில் பழைய பாட்டில் எடுக்கும் கடையில் அந்தத் தடிப்பில் ஒரே வகைதான் கிடைத்தது. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எல்லாரும் காலி பாட்டிலக் கொண்டாந்து போடுவாக. நீங்க எடுத்துட்டுப் போறீகளே அண்ணே!”

சாக்கில் கட்டிக் கொண்டுவந்தேன். படிக்கு ஒரு தரம் பாட்டில்கள் கலகலத்தன. மனைவி கதவைத் திறந்து, “குடிக்காமயே குடிகாரன்னு பேரு வாங்க ஒங்களாலதான் முடியும்” என்றாள்.

கழுவி, ஊற்றி, மூடிகளைக் கைப்பொறியால் அழுத்தினேன். ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டி, மார்க்கரில் ‘இஞ்சி பீர்’ என்று எழுதினேன். அறை வெப்பநிலையில் ஐந்து நாள் வைக்கவும் என்றது செய்முறை. அது வேறு யாருடைய அறைக்கோ எழுதியது என்பதை மனைவி உடனே கண்டுபிடித்தாள்.

“இந்த வெயிலுக்கு இட்லி மாவே மத்தியானத்துக்குள்ள பொங்கி வழியுது. இது அஞ்சு நாளு சும்மா இருக்குமா? பிரிட்ஜுல வைங்க.”

செய்முறையில் அப்படி இல்லை என்றேன்.

மூன்றாம் நாள்தான் ஞாயிறு. “பத்து நிமிசத்துல வாரேன் தம்பி” என்று கீழிருந்து குரல் வந்தது.

“அதுல எழுதியிருக்கிறதப் பாத்தாருன்னா, வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாரு” என்றாள் மனைவி.

பத்திரிகையில் மெய்ப்புத் திருத்திய காலத்துப் பழக்கம், இருப்பதை அழிக்காமல் குறைந்த எழுத்துகளில் சரிசெய்யப் பார்ப்பேன். மார்க்கரை எடுத்துப் பன்னிரண்டிலும் ‘க்கங்காய்’ சேர்த்தேன்.

அவர் வந்து உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, பேனாவைத் திறந்தார். சமையலறையில் டமார் என்றது. எங்களுக்கு முன்னால் அவர் அங்கே போய் நின்றார். ஒரு பாட்டில் சிதறியிருந்தது. சுவரில் நுரை வழிந்தது. மிச்சம் பதினொன்றையும் ஒவ்வொன்றாக வாசித்தார்.

“இஞ்சி பீர்க்கங்காய்.” கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “எங்கப்பா காலத்துலருந்து திருமங்கலத்துப் பக்கம் பீர்க்கங்காய் போடுறோம் தம்பி. இன்னைக்கு வரைக்கும் ஒண்ணுகூட வெடிச்சதில்ல.”

மனைவி ஒரு பாட்டிலைத் துணி சுற்றித் திறந்து டம்ளரில் ஊற்றினாள். “வெறும் இஞ்சித் தண்ணிண்ணே. இவரு வச்ச பேருதான் வில்லங்கம்.”

அவர் மோந்து பார்த்தார். ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் காத்திருந்தார். நீளமாக ஓர் ஏப்பம் வந்தது. மீதியையும் குடித்தார். ஆனால் கையெழுத்துப் போடாமலே ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

“ஏப்பம் வந்துச்சுல்ல, ஒண்ணும் சொல்ல மாட்டாரு” என்றபடி மனைவி மிச்சப் பத்து பாட்டில்களையும் பிரிட்ஜில் அடுக்கினாள். நான் மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

சாயங்காலம் திரும்ப வந்து தாளை நீட்டினார். கடைசி நிபந்தனைக்குக் கீழே, கையால் ஒரு வரி புதிதாக ஏறியிருந்தது: ‘குடியிருப்பவர் வீட்டில் பீர்க்கங்காயைப் பாட்டிலில் அடைக்கக் கூடாது.’ அதன் கீழே அவர் கையெழுத்து.

“பேப்பர்ல வேல பாத்தவுக. தப்பு இருந்தாத் திருத்துங்க.”

இரண்டு முறை படித்தேன். திருத்த ஒன்றுமில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.